நோம்பி வரி முதல் பள்ளிப் பிரார்த்தனை வரை: வாசகர் கேள்வி – பதில்

மாசி, பங்குனி வந்தாலே கொங்கு நாட்டு ஊர்களில் பூச்சாட்டு (விழாத் தொடக்கச் சடங்கு), கம்பம், குண்டம், தேர் என்று நோம்பிகள், அதாவது கோயில் திருவிழாக்கள், வரிசைகட்டும். கோயிலும் அரசும் பள்ளிக்கூடமும் ஒன்றோடொன்று உரசும் இடங்களைப் பற்றிய கேள்விகளும் அதே சமயத்தில்தான் அதிகம் வருகின்றன. இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில்.

எங்க ஊர் மாரியம்மன் நோம்பிக்குத் தலைக்கட்டு வரி மூவாயிரம் ரூபாய்னு போட்டிருக்காங்க. நானும் வீட்டுக்காரியும் ரெண்டு வருசமா சர்ச்சுக்குப் போறோம். வரி குடுக்கலீன்னா எந்த நல்லது கெட்டதுக்கும் வர மாட்டோம்னு சொல்றாங்க. குடுத்துத்தான் ஆகணுமுங்களா?
– வாசகர், காங்கேயம் பக்கம்

கட்டாயம் இல்லை. வரி விதிக்கும் அதிகாரம் அரசுக்கும் உள்ளாட்சிக்கும்தான் உண்டு. அவைகூடக் குறிப்பிட்ட ஒரு மதத்தை வளர்ப்பதற்கென்று வரி வாங்கக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 27ஆம் பிரிவு. அரசுக்கே இல்லாத அதிகாரம் ஊர்க்கூட்டத்துக்குக் கிடையாது.

ஆனாலும் நீங்கள் அதே ஊரில்தான் குடியிருக்க வேண்டும். ஆகவே எப்போது, யாரிடம், எப்படி மறுக்கிறீர்கள் என்பது முக்கியம். இளவட்டங்கள் ரசீது புத்தகத்தோடு வாசலில் வந்து நிற்கும்போது முடியாது என்றால் சண்டையில்தான் முடியும். பூச்சாட்டுத் தேதி குறிக்கும் ஊர்க்கூட்டத்துக்கு முன்பே ஊர்க்கவுண்டரையோ தர்மகர்த்தாவையோ வீட்டில் போய்ப் பாருங்கள். நோம்பிச் செலவை ஒரே தொகையாகச் சொன்னாலும் அதற்குள் இரண்டு வகை உண்டு. கம்பம், பூசாரி சம்பளம், அபிஷேகம், கிடா வெட்டு, அலங்காரம் எல்லாம் வழிபாட்டுச் செலவு. தண்ணீர் லாரி, தெருவிளக்கு, குப்பை அள்ளுவது, அன்னதானம் ஆகியவை ஊருக்குப் பொது. வழிபாட்டுச் செலவுக்கு எங்களால் தர இயலாது, பொதுச் செலவுக்கு எங்களால் முடிந்ததைத் தருகிறோம், ரசீதில் அப்படியே எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். பெரும்பாலான ஊர்களில் இதற்கு மேல் பேச்சு வளராது. அதுவும் தர விருப்பமில்லை என்றால் தர வேண்டியதில்லை.

ஒதுக்கி வைத்தால் என்ன செய்வது? உறவினர் உங்கள் வீட்டு விசேஷத்துக்கு வராமல் இருப்பதை எந்தச் சட்டமும் தடுக்க முடியாது. ஆனால் பால் சங்கத்தில் பால் எடுக்க மாட்டோம் என்பது, ரேஷன் கடையில் பொருள் மறுப்பது, குடிநீர்க் குழாயை அடைப்பது, தோட்டத்து வழியை மறிப்பது எல்லாம் வேறு விஷயம். பால் சங்கமும் ரேஷன் கடையும் ஊர்க்கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை அல்ல. தேதி, நேரம், சொன்னவர், உடன் இருந்தவர் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் மனு ஏற்புச் சான்று கேட்டு வாங்குங்கள். மிரட்டலுக்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவும், மிரட்டிப் பணம் பறிப்பதற்கு 308ஆம் பிரிவும் இருக்கின்றன. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம், கட்டணம் இல்லை.

இதன் மறுபக்கத்தை நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும். வரி கொடுக்கத் தயாராக இருக்கும் அருந்ததியர் குடும்பங்களிடமும் மற்றப் பட்டியல் சாதிக் குடும்பங்களிடமும் வரி வாங்க மறுக்கும் ஊர்கள் இருக்கின்றன. வரி வாங்கினால் முறை கொடுக்க வேண்டும்: கோயில் முன் நடும் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற விட வேண்டும், பொங்கல் வைக்க இடம் விட வேண்டும், சாமி அவர்கள் தெருவுக்கும் போக வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் வரியே வேண்டாம் என்கிறார்கள். ஒருவரிடம் கட்டாயப்படுத்தி வாங்குவதையும், இன்னொருவரிடம் வாங்காமல் தள்ளி வைப்பதையும் ஒரே தவறாகவே பார்க்கிறோம். இரண்டிலும் பக்தி என்பது மனிதரை அடக்கும் கருவியாகிவிடுகிறது.

1947ஆம் ஆண்டின் சென்னை ஆலயப் பிரவேசச் சட்டப்படி பொதுக் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தவை. பட்டியல் சாதியினரை வழிபாட்டு இடத்தில் நுழையவோ சாமி ஊர்வலத்தில் கலந்துகொள்ளவோ விடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சமூகப் புறக்கணிப்பு செய்வதும், செய்வோம் என்று மிரட்டுவதும் அதே சட்டப்படி குற்றம்தான். இப்படிப்பட்ட ஊரில் இருப்பவர்கள், வரி தரத் தயார் என்பதை எழுத்தில், ஒப்புகையோடு தபாலில் விழாக் குழுவுக்கு அனுப்புங்கள். நகலைக் கோட்டாட்சியருக்கும் வட்டாட்சியருக்கும் அனுப்புங்கள். அமைதிப் பேச்சுவார்த்தைக்கு அழைத்தால் போங்கள். ஆனால் 'இந்த ஆண்டு மட்டும் ஒதுங்கிக்கொள்கிறோம்' என்ற வாசகம் இருக்கும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அடுத்த ஆண்டு அந்தத் தாளையே ஊர் வழக்கத்துக்குச் சான்றாகக் காட்டுவார்கள்.

விழாக் குழுவினருக்கும் ஒரு வார்த்தை. தகராறில் பாதி பக்தியால் வருவதில்லை, கணக்கால் வருகிறது. வரிசை எண் போட்ட ரசீது புத்தகம், மூன்று பேர் பெயரில் கூட்டு வங்கிக் கணக்கு, மறுபூஜை முடிந்த ஒரு மாதத்துக்குள் கோயில் சுவரில் வரவு செலவு, ஏலத்தில் எடுத்துவிட்டுப் பணம் கட்டாதவர்களின் பாக்கி உட்பட. இவ்வளவும் இருந்தால் கட்டாயப்படுத்தாமலே பணம் வரும்.

அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் சரஸ்வதி படத்துக்குப் பூ வைத்து, பிள்ளைகளுக்குத் திருநீறு பூசி, பிறகு பிரேயர் ஆரம்பிப்பது பல வருடப் பழக்கம். ஒரு முஸ்லிம் பெற்றோர் வருத்தப்பட்டுச் சொன்னார். நிறுத்தினால் ஊர்க்காரர்கள் கோபிப்பார்கள். பள்ளியில் மதத்தைப் பற்றிப் பேசவே கூடாதா?
– ஆசிரியை, பொள்ளாச்சி

திருநீறு பூசுவதை நிறுத்திவிடுங்கள். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்பது அரசியல் சாசனத்தின் 28ஆம் பிரிவின் முதல் வரி. பல வருடப் பழக்கம் என்பது அதற்கு விலக்கு ஆகாது.

எது தடை, எது தடையில்லை என்பதில்தான் ஆசிரியர்கள் குழம்புகிறார்கள். நீங்கள் திருநீறு பூசிக்கொண்டு வரலாம், சக ஆசிரியர் சிலுவை டாலர் போட்டுக்கொள்ளலாம், பிள்ளை ஐயப்பனுக்கு மாலை போட்டு வரலாம். அது அவரவர் நம்பிக்கை. ஆசிரியர் கையால் பிள்ளையின் நெற்றியில் பூசும்போது அது பள்ளியின் செயலாகிவிடுகிறது. ஏழு வயதுக் குழந்தை ஆசிரியரிடம் வேண்டாம் என்று சொல்லாது. எல்லாப் பிள்ளைகளும் நெற்றியை நீட்டும் வரிசையில் தான் மட்டும் விலகி நிற்பதைவிடப் பேசாமல் நின்றுவிடும். பெற்றோர் வந்து சொல்லும்வரை யாருக்கும் தெரியாமல் போவது இதனால்தான்.

மாற்றத்தைத் திடீரென்று ஒரு வெள்ளிக்கிழமை செய்யாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்து, தீர்மானப் பதிவேட்டில் எழுதி, அடுத்த பருவத்தின் முதல் நாளிலிருந்து தொடங்குங்கள். காலை வணக்கத்துக்கு வேண்டியது ஏற்கெனவே இருக்கிறது: 55 விநாடியில் பாடி முடிக்கும் தமிழ்த்தாய் வாழ்த்து, ஒரு குறளும் பொருளும், உறுதிமொழி, அன்றைய செய்தி, நாட்டுப்பண். ஊர்ப் பெரியவர் கேட்டால், சரஸ்வதி பூஜை அன்று பள்ளி விடுமுறைதான், அதை வீட்டில் நிறைவாகக் கொண்டாடுங்கள் என்று தன்மையாகச் சொல்லுங்கள். வளாகத்தில் சிலை வைத்துத் தருகிறேன் என்று கொடையாளர் வந்தால் குடிநீர்த் தொட்டி, நூலக அலமாரி, கழிப்பறைக் கதவு என்று தேவைப் பட்டியலை நீட்டுங்கள். முன்கூட்டியே எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தால் யாரையும் முகம் முறிக்க வேண்டியதில்லை.

மதத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்பது தவறு. மதங்களைப் பற்றிக் கற்பிப்பதும் மதபோதனையும் வேறு வேறு என்று உச்ச நீதிமன்றம் 2002இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நம் தமிழ்ப் பாடநூலிலேயே தேவாரமும் திவ்யப் பிரபந்தமும் சீறாப்புராணமும் தேம்பாவணியும் படிக்கிறோம். மதத்தை எடுத்துவிட்டால் தமிழ் இலக்கியத்தில் பாதி போய்விடும். சொல்லும் முறையில்தான் கவனம் வேண்டும். 'கடவுள் இப்படிச் செய்தார்' என்பதற்குப் பதில் 'சைவர்கள் இப்படி நம்புகிறார்கள்', 'இஸ்லாமியர் இப்படி நம்புகிறார்கள்' என்று சொல்லுங்கள். எல்லா மதத்துக்கும் ஒரே நடை. ஒன்றுக்குப் பக்தி நடையும் மற்றதற்குச் செய்தி நடையும் வந்தால் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கொங்கு நாட்டு ஆசிரியருக்கு இதில் ஒரு வசதி உண்டு. விஜயமங்கலத்தில் சமணக் கோயில் இருக்கிறது. புகழூர் ஆறுநாட்டார் மலையில் சேரர் பெயர் பொறித்த தமிழி (பழந்தமிழ்) எழுத்துகளோடு சமண முனிவர் படுக்கைகள் இருக்கின்றன. கொடுமுடியில் சிவன், பெருமாள், பிரம்மா மூவரும் ஒரே வளாகத்தில். சுந்தரர் பாடிய அவிநாசியும் பக்கம்தான். ஒரே நாள் சுற்றுலாவில் இவற்றில் இரண்டு இடமும் உங்கள் ஊர்ப் பள்ளிவாசல், தேவாலயம் இரண்டும் பார்க்கலாம். பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். செருப்பைக் கழற்றுவதும் அமைதியாக இருப்பதும் மரியாதை, அது எல்லோருக்கும் பொது. கும்பிடுவதும் பிரசாதம் வாங்குவதும் பிள்ளையின் விருப்பம். பார்த்ததை வரைந்து காட்டச் சொல்லுங்கள்: தூண், எழுத்து, விளக்கு, நீர்த்தொட்டி. அதிலிருந்து வரும் கேள்விகள்தான் நல்ல பாடம்.

வெளியாள் பேச வந்தால் மட்டும் இரட்டைக் கவனம். 2024இல் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் தன்னம்பிக்கை உரை என்று வந்த பேச்சாளர், உடல் குறைபாட்டை முற்பிறவிப் பாவத்தோடு சேர்த்துப் பேச, பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து கேட்டதை நாடே பார்த்தது. பேசப்போகும் குறிப்பை முன்பே எழுத்தில் வாங்குங்கள். உரை முழுவதும் தலைமை ஆசிரியர் அங்கேயே இருக்க வேண்டும், தேவைப்பட்டால் இடையில் நிறுத்தவும் வேண்டும்.

கோவையில் மிஷன் நடத்தும் எய்டட் பள்ளியில் மகன் படிக்கிறான். காலை ஜெபத்துக்கும் பைபிள் வகுப்புக்கும் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்கிறார்கள். சிறுபான்மைப் பள்ளி என்றால் அந்த உரிமை உண்டா?
– தந்தை, சாய்பாபா காலனி

பள்ளியைத் தொடங்கி நடத்தும் உரிமை 30ஆம் பிரிவில் அவர்களுக்கு உண்டு. உங்கள் மகனை உட்கார வைக்கும் உரிமை இல்லை. அரசு அங்கீகாரமோ மானியமோ பெற்ற எந்தப் பள்ளியிலும் மதவகுப்பிலும் வழிபாட்டிலும் பங்கேற்க, பிள்ளை மைனராக இருந்தால் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது 28இன் மூன்றாம் உட்பிரிவு. இந்து அறக்கட்டளையும் முஸ்லிம் சங்கமும் நடத்தும் பள்ளிகளுக்கும் இதே விதிதான்.

தலைமை ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதுங்கள்: 'என் மகன் மதவகுப்பிலும் வழிபாட்டிலும் கலந்துகொள்ள எனக்குச் சம்மதம் இல்லை. அந்த நேரத்தில் நூலகத்தில் அமரவோ நீதிபோதனை வகுப்பில் சேரவோ ஏற்பாடு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.' தேதி, கையெழுத்து, நகலில் பள்ளி முத்திரை. மாற்று ஏற்பாட்டை நீங்களே எழுதிவிட்டால் வேலை சீக்கிரம் நடக்கும்.

இந்த மண்ணில் மத அமைப்புகள் கல்விக்குச் செய்தது கொஞ்சமல்ல. மிஷன் பள்ளிகள் ஒருபுறம். மறுபுறம், பின்னாளில் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் 1930இல் கோவையில் தொடங்கிய இராமகிருஷ்ண வித்யாலயம். ஒடுக்கப்பட்ட சாதியினர் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924இல் கேரளத்து வைக்கம் போய்ச் சிறை சென்ற பெரியாரும் இதே கொங்கு நாட்டு ஈரோட்டுக்காரர்தான். நம்புகிறவர் பள்ளி கட்டலாம், நம்பாதவர் கேள்வி கேட்கலாம் என்பது இங்கே பழகிய வழி.

பங்குனி நோம்பியும் பிளஸ் டூ பரீட்சையும் ஒண்ணா வருது. ராத்திரி ஒரு மணி வரைக்கும் மைக்செட். புகார் பண்ணினா சாமிக்கு விரோதின்னு சொல்லுவாங்களோன்னு பயமா இருக்கு.
– ஒரு தாய், ஈரோடு

ஒலி மாசு விதிகள் 2000, கோயில், பள்ளிவாசல், தேவாலயம், கட்சி மேடை என்று பார்ப்பதில்லை. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாட்களுக்கு, பண்டிகைகளுக்காக, நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம். அதற்கு மேல் இல்லை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. வைகறைத் தொழுகை அழைப்புக்கும் இரவு ஜெபத்துக்கும் இதுவே விதி.

நோம்பி அன்று இரவு புகார் செய்தால் பயன் குறைவு. பூச்சாட்டிய வாரத்திலேயே தெருவில் பரீட்சை எழுதும் பிள்ளைகள் உள்ள நான்கைந்து வீட்டார் சேர்ந்து விழாக் குழுவைப் பாருங்கள். எல்லா மதத்து வீட்டாரும் சேர்ந்து போனால் விரோதி என்ற பேச்சுக்கே இடமில்லை. பாட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள், ஒலிபெருக்கியின் இடத்தை மாற்றச் சொல்லுங்கள். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும்: 10 மீட்டரில் 75 என்றால் 20 மீட்டரில் 69, 40 மீட்டரில் 63. தெருவெல்லாம் மின்கம்பத்துக்கு மின்கம்பம் கூம்பு ஒலிபெருக்கி கட்டுவதால்தான் இந்தக் குறைவு கிடைக்காமல் போகிறது. கோயில் முன்னால் மட்டும் இரண்டு பெட்டி ஒலிபெருக்கியை, கூட்டத்தைப் பார்த்துக் கீழ்நோக்கிச் சாய்த்து வைத்தால் சாமி கும்பிட வந்தவருக்குக் கேட்கும், நான்காவது தெருவுக்குப் போகாது. உடுக்கையடிப் பாட்டும் கும்மியும் மைக் இல்லாமல்தான் பல தலைமுறை நடந்தன. கேட்காவிட்டால் காவல் நிலையத்தில் முன்கூட்டியே மனு, அன்றிரவு 100க்கு அழைப்பு.

எங்கள் லேஅவுட் ரிசர்வ் சைட்டில் பிள்ளையார் கோயில் கட்டி, இப்போது மண்டபமும் எழுப்புகிறார்கள். இன்னொரு தரப்பு எங்களுக்கும் ஜெபக்கூடத்துக்கு இடம் வேண்டும் என்கிறது. எது நியாயம்?
– வாசகர், திருப்பூர்

இரண்டும் இல்லை. பெரிய மனைப்பிரிவுகளில் சாலை போக மீதியில் 10 விழுக்காடு திறந்தவெளிக்கென்று தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போகிறது. அதுதான் ரிசர்வ் சைட், குழந்தைகள் விளையாடவும் பெரியவர்கள் நடக்கவும் உள்ள இடம். பொது இடங்களில் புதிதாக எந்த மதத்தின் வழிபாட்டுக் கட்டடமும் அனுமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பரில் உத்தரவிட்டது. அதற்கு முன்பே இருந்தவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து முடிவெடுக்க மாநிலங்களிடம் விட்டது.

அங்கீகரித்த வரைபடத்தின் நகலையும் தானப் பத்திர எண்ணையும் முதலில் வாங்குங்கள். மாநகராட்சி ஆணையருக்கு மனுவோடு தேதியிட்ட புகைப்படங்களை இணையுங்கள். அஸ்திவார நிலையில் மனு கொடுத்தால் வேலை நிற்கும். கும்பாபிஷேகம் முடிந்த பிறகு எந்த அதிகாரியும் தொடத் தயங்குவார். கோயில் வேண்டும் என்பது நல்ல ஆசைதான். குடியிருப்போர் சேர்ந்து ஒரு மனையை அறக்கட்டளைப் பெயரில் விலைக்கு வாங்கி, கட்டட அனுமதி பெற்றுக் கட்டுங்கள். பிள்ளைகள் விளையாடும் இடத்தைப் பறித்து ஒரு சாமிக்கும் கோயில் தேவையில்லை.

மசூதி, சர்ச் பக்கம் போகாத அரசு எங்கள் கோயில்களை மட்டும் ஏன் வைத்திருக்கிறது? விட்டு வெளியேற வேண்டாமா?
– வாசகர், அவிநாசி

கேள்வியின் முதல் பாதி முழுச் சரியில்லை. பள்ளிவாசல், தர்கா சொத்துகளுக்கு அரசு சட்டத்தின் கீழ் இயங்கும் வக்ஃப் வாரியம் இருக்கிறது. தேவாலயச் சொத்துகள் பெரும்பாலும் பதிவுபெற்ற சங்கம், அறக்கட்டளை, நிறுவனம் என்ற வடிவங்களில் இருக்கின்றன. ஆனால் கோயில் நிர்வாகத்தில் செயல் அலுவலர் வரை அரசின் கை நீளமாக இருப்பது உண்மை.

அது எப்படி வந்தது என்றும் பார்க்க வேண்டும். 1817ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு அறக்கட்டளைகளை மேற்பார்வை செய்தது, 1863இல் ஆங்கிலேய அரசு விலகிக்கொண்டது. விலகிய பின் கோயில் நிலங்கள் தனியார் கைக்குப் போவதாக எழுந்த புகார்களால்தான் நீதிக்கட்சி ஆட்சியில் 1920களில் இந்து சமய அறநிலையச் சட்டம் வந்தது. இப்போதுள்ளது 1959ஆம் ஆண்டுச் சட்டம். நிர்வாகத்தைச் சட்டம் ஒழுங்குபடுத்தலாம், சமயக் காரியத்தில் கைவைக்கக் கூடாது என்று 1954இலேயே சீரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் கோடு கிழித்துவிட்டது.

எங்கள் கருத்து இதுதான். அரசு முழுக்க விலகினால் கோயில் பக்தர் கைக்கு வராது, உள்ளூரில் பலமுள்ள சில குடும்பங்களின் கைக்குப் போகும். அறங்காவலர் குழுவில் ஒரு பட்டியல் சாதியினரும் ஒரு பெண்ணும் இருக்க வேண்டும் என்று இன்றைய சட்டம் சொல்வது அப்போது யாருக்கும் நினைவிருக்காது. அதே சமயம் அறங்காவலர் குழுவே இல்லாமல், அதற்குப் பதில் துறை நியமிக்கும் தக்காரை வைத்து ஆண்டுக்கணக்கில் ஓட்டுவதும், உபரியைக் கோயிலுக்குத் தொடர்பில்லாத செலவுக்குத் திருப்புவதும் தவறு. அரசின் வேலை கணக்கு, நிலம், எல்லோருக்கும் சம உரிமை ஆகிய மூன்றோடு நிற்க வேண்டும்.

விவாதம் முடியும்வரை காத்திருக்காமல் உங்கள் ஊர்க் கோயிலில் இன்றே செய்யக்கூடியது உண்டு. அறநிலையத் துறைக் கணக்கு பசலி ஆண்டில் நடக்கிறது, ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. 2024 ஜூலையில் தொடங்கியது 1434ஆம் பசலி. தகவல் உரிமை மனுவில் 'கடந்த மூன்று பசலிகளின் வரவு செலவு' என்று கேளுங்கள். 'மூன்று வருடம்' என்று எழுதினால் காலம் தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்ப இடம் கொடுக்கிறீர்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். நிலத்துக்கு, கோயில் பெயரில் உள்ள சர்வே எண்களை 'அ' பதிவேட்டில் (வருவாய்த் துறையின் கிராம நிலப் பதிவேடு) எடுத்து, குத்தகைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பதிவேட்டில் இருந்து பட்டியலில் இல்லாத எண்கள்தான் நீங்கள் தேட வேண்டியவை. ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகை என்றால் அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி ஆணையரின் அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். உண்டியல் திறக்கும் நாளில் நான்கு பக்தர்கள் போய் உட்காருங்கள்.

அருமைக்காரர் (சடங்கு நடத்தும் எங்கள் பெரியவர்) வைத்து, மங்கல வாழ்த்துப் பாடி நடத்தும் எங்கள் முறைக் கல்யாணம் ஐயர் இல்லாமல் சட்டப்படி செல்லுமா?
– வாசகி, பெருந்துறை

செல்லும். மணமக்களில் ஒருவர் தரப்பின் வழக்கச் சடங்குப்படி நடந்தாலே போதும் என்கிறது 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம். சடங்கே வேண்டாம் என்பவர்களுக்கு 1967இல் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவு உண்டு: உறவினர் நண்பர் முன்னிலையில் மாலை, மோதிரம் அல்லது தாலி, அவ்வளவுதான். எந்த முறையானாலும் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள். பத்திரிகையில் உள்ள பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று அச்சுக்குக் கொடுக்கும் முன் பாருங்கள். பதிவு தள்ளிப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

அரசு அலுவலகத்தில் ஆயுத பூஜை போடலாமா?
– வாசகர், கரூர்

அலுவலகத்தில் கடவுள் படங்கள் வேண்டாம் என்று அண்ணா ஆட்சியில் 1968இலேயே சுற்றறிக்கை வந்தது. ஆனாலும் பணிமனையிலும் அலுவலகத்திலும் பூஜை நடப்பதை எல்லோரும் பார்க்கிறோம். தன் பேருந்துக்கு ஓட்டுநர் சந்தனம் வைப்பதில் யாருக்கும் வருத்தம் இல்லை. அரசுப் பணத்தில் பொரி வாங்குவதும், ஆள் தலைக்கு இவ்வளவு என்று பட்டியல் போட்டு வசூலிப்பதும், வராதவரைக் குறித்து வைப்பதும் கூடாது. மனுவோடு வந்தவர் பூஜை முடியும்வரை வெளியே நிற்கவும் கூடாது.

கலப்புத் திருமணம் செய்தவர்கள் நாங்கள். மகளின் டிசியில் சாதி, மதம் இல்லை என்று போட முடியுமா? பின்னால் பாதிப்பு வருமா?
– பெற்றோர், மேட்டுப்பாளையம்

முடியும். சாதி, மதம் இல்லை என்று குறிப்பிடவோ அந்த இடத்தை வெற்றாக விடவோ பெற்றோருக்கு உரிமை உண்டு என்று 1973லும் 2000த்திலும் பள்ளிக் கல்வித் துறை அரசாணைகள் உள்ளன. தலைமை ஆசிரியர் மறுத்தால் சண்டை போடாமல் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள், அரசாணை நகலோடு முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள்.

பாதிப்பை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். இட ஒதுக்கீட்டுக்கு வட்டாட்சியர் தரும் சாதிச் சான்றிதழ்தான் அடிப்படை, டிசி அல்ல. டிசியில் வெற்றாக விட்டதால் மட்டும் அந்த உரிமை போகாது. ஆனால் சாதி மதம் அற்றவர் என்று வட்டாட்சியரிடமே சான்று வாங்கிவிட்டால் பொதுப் பிரிவில்தான் போட்டியிட வேண்டும், 69 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்க முடியாது. உங்களில் ஒருவர் பட்டியல் சாதி என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் ஆகியோருக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதி. வேறு மதம் என்று எங்காவது பதிவானால் அந்தச் சலுகை சிக்கலாகும். அது நியாயமா என்பது நாடு பேச வேண்டிய கேள்வி. இன்றைய நடைமுறை இது.

மகள் எட்டாம் வகுப்புக்குள் இருந்தால் இப்போதைக்கு டிசி விவரத்தை வெற்றாக விட்டு, சாதிச் சான்றிதழ் வாங்கும் வாய்ப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 18 வயதில் எது வேண்டும் என்று அவளே முடிவு செய்யட்டும். டிசியில் மாற்றினால் மட்டும் போதாது, பள்ளியின் எமிஸ் என்ற இணைய மாணவர் பதிவிலும் அதே விவரம் இருக்கிறதா என்று வகுப்பாசிரியரிடம் கேட்டுத் திரையில் பார்த்துவிட்டு வாருங்கள்.